நூறு படப் பட்டியல் போடும் நண்பர்களுக்கு: எந்தப் பிரதி என்று எழுதினீர்களா?

புதுச்சேரியிலும் கடலூரிலும் மாதம் ஒரு படம் போட்டு, அதைப் பற்றி விடிய விடிய வாதாடும் திரைப்பட ரசிகர்களுக்கு வணக்கம்.

‘கட்டாயம் பார்க்க வேண்டிய நூறு படங்கள்’ என்று நீங்கள் தயாரித்துவரும் பட்டியல் எங்கள் கைக்கும் வந்தது. ‘பராசக்தி’ உண்டா இல்லையா, எம்.ஜி.ஆர். படம் எத்தனை, சிவாஜி படம் எத்தனை, பிரெஞ்சுப் படங்களுக்கு இவ்வளவு இடம் எதற்கு என்று சண்டை நடப்பதும் தெரியும். நடக்கட்டும். எங்கள் குறை வேறு. நூறு வரியிலும் படத்தின் பெயரும் ஆண்டும்தான் இருக்கின்றன. எந்தப் பிரதி, எத்தனை நிமிடம், திரையில் என்ன அகல உயர விகிதம், யாரிடம் கிடைக்கும் என்று ஒரு வரியிலும் இல்லை. இவற்றைச் சொல்லாமல் ‘கட்டாயம் பார்’ என்று சொன்னால், கைக்கு எது சிக்குகிறதோ அதைத்தான் ஆட்கள் பார்ப்பார்கள். பல நேரம் அது நீங்கள் சொன்ன படமாகவே இருக்காது.

உங்கள் பட்டியலில் ‘மாயா பஜார்’ (1957) இருக்கிறது. எந்த மாயா பஜார்? தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று என்று இரண்டு எடுத்தார்கள். தமிழில் அபிமன்யு ஜெமினி கணேசன். தெலுங்கில் நாகேஸ்வர ராவ். தெலுங்குப் படத்துக்கு வண்ணம் பூசி 2010-இல் மறுபடி வெளியிட்டார்கள். ஆக, கறுப்பு வெள்ளைத் தமிழ், கறுப்பு வெள்ளைத் தெலுங்கு, வண்ணத் தெலுங்கு என்று மூன்று ஆகிறது. ஒருவர் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து இன்னொன்றைப் பார்த்தவரோடு மல்லுக்கு நின்றால் அந்த வாதம் எங்கே போய் முடியும்? ‘சந்திரலேகா’வும் (1948) அப்படித்தான்; வாசன் தமிழிலும் இந்தியிலும் எடுத்தார், இரண்டும் ஒன்றுக்கொன்று நகல் அல்ல.

வெளிநாட்டுப் படங்களில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். ‘மெட்ரோபோலிஸ்’ (1927) முதலில் இரண்டரை மணி நேரப் படம். வெளியான சில மாதங்களிலேயே வெட்டிக் குறைத்தார்கள். 2008-இல் புவனோஸ் ஐரிஸில் ஒரு 16 மி.மீ. பிரதி கிடைத்து, அதை வைத்து 2010-இல் சுமார் 148 நிமிடத்துக்கு மீட்டெடுத்தார்கள். அதற்கு முன் 1984-இல் பாப் இசை சேர்த்து, வண்ணம் ஏற்றி, ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாக ஒன்று வந்தது. உங்கள் கூட்டத்தில் ‘கதையே புரியவில்லை’ என்பவர் பெரும்பாலும் அந்தக் குறைப்பிரதியைப் பார்த்தவராக இருப்பார். அவர் சொல்வதில் தப்பில்லை. வெட்டிய பிரதியில் கதை உண்மையிலேயே புரியாது. ‘ஏழு சாமுராய்’ (1954) 207 நிமிடம், நடுவே இடைவேளையோடு. வெளிநாடுகளுக்குப் போனது அதில் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வெட்டப்பட்ட பிரதி. ‘207 நிமிடம்’ என்று பட்டியலில் மூன்று எழுத்து சேர்ப்பது பெரிய வேலையா?

மௌனப் படங்களுக்கு நிமிடம் மட்டும் போதாது, வேகமும் வேண்டும். அவை வினாடிக்கு 16 முதல் 24 சட்டகம் (ஃபிரேம், அதாவது சுருளில் உள்ள ஒவ்வொரு தனிப்படம்) வரை பலவிதமாக எடுக்கப்பட்டன, ஓட்டப்பட்டன. 16-இல் எடுத்ததை 24-இல் ஓட்டினால் எல்லாம் ஒன்றரை மடங்கு வேகத்தில் போகும்; அழுகிற காட்சியும் சிரிப்பாகிவிடும். மௌனப் படம் என்றாலே எல்லாரும் தத்தித் தத்தி ஓடுவார்கள் என்று நம் ஆட்கள் நினைப்பதற்கு இதுதான் காரணம். டென்மார்க் இயக்குநர் டிரையரின் ‘ஜோன் ஆஃப் ஆர்க்’ (1928) படத்தின் மூல நெகட்டிவ் தீயில் போனது. முழுப்பிரதி ஒன்று 1981-இல் நார்வேயில் ஒரு மனநல மருத்துவமனையில் கிடைத்தது. அதே படம் இன்று 20 சட்டக வேகத்தில் 97 நிமிடமாகவும், 24-இல் 82 நிமிடத்துக்குள்ளும் கிடைக்கிறது. இரண்டிலும் ஒரு சட்டகம்கூடக் குறையவில்லை. நாங்கள் 20-ஐத்தான் சொல்வோம். அந்த முகங்களைப் பார்க்க நேரம் வேண்டும்.

புதுச்சேரிக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவரும் டிவிடிகள் ‘பால்’ (PAL) என்ற ஐரோப்பிய டிவி முறையில் அமைந்தவை, வினாடிக்கு 25 சட்டகம். 24-இல் எடுத்த படம் அதில் 4 விழுக்காடு வேகமாக ஓடும். நூறு நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும், குரலும் கொஞ்சம் கீச்சென்று ஏறும். ‘நாலு நிமிடம் வெட்டிவிட்டார்கள்’ என்று சண்டைக்குப் போகுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ப்ளூரேயில் இந்த வேகக் கோளாறு பொதுவாக இல்லை. ஆனால் எந்த நாட்டுக் கருவியில் தட்டு ஓடும் என்று காட்டும் மண்டலக் குறி பிரான்சுக்கு ‘பி’, இந்தியாவுக்கு ‘சி’. மண்டலம் பூட்டிய தட்டு நம் கருவியில் ஓடாது. டிவிடியில் அவர்களுக்கு 2, நமக்கு 5. திரையிடும் நாளன்று சாயங்காலம் இதைக் கண்டுபிடிக்காதீர்கள்.

அகல உயர விகிதத்துக்கு வருவோம். கெடுதல் அதிகம் நடப்பது இங்கேதான், பேச்சு மிகக் குறைவாக இருப்பதும் இங்கேதான்.

1950-கள் வரை வந்த பேசும் படம் கிட்டத்தட்ட எல்லாமே உயரம் 1 என்றால் அகலம் 1.37. தமிழில் அதற்குப் பிறகும் வெகுகாலம் அதுவே வழக்கம். முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973-இல்தான் வந்தது. ஆக, உங்கள் பட்டியலில் 1973-க்கு முந்திய தமிழ்ப்படம் எதுவும் திரை முழுக்க அகலமாக நிறையக் கூடாது. நிறைந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. இழுத்திருக்கிறார்கள், அப்போது பத்மினியும் குண்டாகத் தெரிவார். அல்லது மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். இழுத்ததை யாரும் கண்டுபிடித்துவிடலாம். வெட்டியதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். 1.37 படத்தை இன்றைய டிவியின் 1.78-க்கு வெட்டினால் உயரத்தில் 23 விழுக்காடு போகிறது. ஸ்கோப்பின் 2.35-க்கு வெட்டினால் 42 விழுக்காடு போகிறது. பாதிப் படம் என்றே சொல்லலாம். பழைய படங்களை ‘டிஜிட்டல் சினிமாஸ்கோப்’ என்று விளம்பரம் செய்து மறுவெளியீடு செய்யும்போது நடப்பது இதுதான். கிரீடம் நெற்றியோடு நிற்கும், நாட்டியத்தில் பாதம் இருக்காது. பரதநாட்டியக் காட்சியில் பாதம் தெரியவில்லையென்றால் அந்தப் பிரதியைத் தள்ளிவிடுங்கள். இதைவிட எளிய சோதனை இல்லை. ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ கதை’ போன்ற படத்தில் கேமரா தரையை ஒட்டி உட்கார்ந்திருக்கும். அங்கே கீழே வெட்டினால் தரைப்பாயும் தேநீர்க் கிண்ணமும் போய்விடும். மிஞ்சுவது மனிதர்கள் பேசிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு படம்.

தமிழ்ப் படங்களில் அடுத்த வினை, காணாமல் போன ரீல். 35 மி.மீ.யில் ஓர் அடிக்கு 16 சட்டகம், நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் சுமார் 11 நிமிடம் ஓடும். தணிக்கைச் சான்றிதழில் படத்தின் நீளம் எழுதியிருக்கும். அடியில் இருந்தால் 90-ஆல் வகுங்கள். 16,000 அடி என்றால் 178 நிமிடம். உங்கள் கோப்பு 156 நிமிடம்தான் என்றால் இரண்டு ரீல் எங்கேயோ போயிருக்கிறது. சான்றிதழ் கிடைக்காவிட்டால் பழைய பாட்டுப் புத்தகத்தைத் தேடுங்கள். கொட்டகை வாசலில் விற்ற அந்த மெல்லிய புத்தகத்தில் கதைச் சுருக்கமும் எல்லாப் பாடல்களும் வரிசையாக இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு படத்தை ஓட்டினால் எந்தப் பாட்டு இல்லை என்பது உடனே தெரிந்துவிடும். டிவிக்கு விற்றபோது முதலில் வெட்டு வாங்கியவை பாட்டும் நகைச்சுவையும்தான். வசனம் பாதியில் துண்டாகித் தாவுகிற இடங்களையும் குறித்துவையுங்கள். அவை பெரும்பாலும் 10, 11 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். ரீலின் தலையும் வாலும்தான் அதிகம் தேய்ந்து அறுந்து, ஒவ்வோர் ஒட்டுக்கும் சில சட்டகம் இழப்பவை. அது படத்தொகுப்பாளர் செய்த குறை அல்ல. (உங்கள் போன கூட்டத்தில் ஒருவர் அதைப் ‘புதுமையான வெட்டு’ என்று புகழ்ந்ததாகக் கேள்வி.)

வண்ணமும் அப்படித்தான். ஈஸ்ட்மென்கலர் பிரதிகளில் நீலச்சாயமும் மஞ்சள் சாயமும் முதலில் மங்கும், மிஞ்சுவது சிவப்பு. அதனால்தான் எழுபதுகளின் படங்கள் ரோஜா நிறத்தில் மிதக்கின்றன. கறுப்பு வெள்ளையில் படிமம் வெள்ளி உலோகத்தால் ஆனது, அப்படி மங்காது. ஆகவே 1954-இல் வந்த ‘அந்த நாள்’ நன்றாகத் தெரிந்து, இருபது வருடம் பின்னால் வந்த வண்ணப்படம் சாயம்போய்த் தெரிவதில் வியப்பில்லை. ‘ஒளிப்பதிவு மோசம்’ என்று தீர்ப்பு எழுதுமுன், மோசம் ஒளிப்பதிவா பிரதியா என்று பாருங்கள். யாரிடமாவது பழைய படச்சுருள் இருந்து, டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், சுருளின் அசிடேட் பிளாஸ்டிக் அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நம் கடற்கரை ஈரமும் வெக்கையும் அதை வேகப்படுத்தும். மற்றச் சுருள்களிலிருந்து அதைப் பிரித்து வையுங்கள், புரொஜெக்டரில் ஏற்றாதீர்கள். புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள்.

இல்லாத படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் பட்டியலில் ‘காளிதாஸ்’ (1931) இருக்கிறது. தமிழின் முதல் பேசும் படம், டி.பி. ராஜலட்சுமி நடித்தது, வரலாற்றில் இடம் உண்டு. ஆனால் படம் இல்லை. நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ மௌனப்படமும் இல்லை. தென்னிந்திய மௌனப் படங்களில் பார்க்கக் கிடைக்கும் அபூர்வமானவற்றில் ஒன்று புனேக் காப்பகத்தில் உள்ள ‘மார்த்தாண்ட வர்மா’ (1933). யாராலும் பார்க்க முடியாததைக் ‘கட்டாயம் பார்க்க வேண்டியது’ என்று எழுதாதீர்கள். ‘தொலைந்தவை’ என்று கடைசியில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். அந்தப் பக்கம் நீளமாக இருக்கும், இருக்கட்டும்.

வாக்கெடுப்பு முறைக்கும் ஒரு திருத்தம். லண்டனிலிருந்து வரும் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் ஆளுக்குப் பத்துப் படம் கேட்டுத் தொகுக்கிறது. முதல் முறை முதலிடம் ‘சைக்கிள் திருடர்க’ளுக்கு. பிறகு 2002 வரை ‘சிட்டிசன் கேன்’, 2012-இல் ‘வெர்டிகோ’. 2022-இல் 1,600 பேருக்கு மேல் வாக்களித்து, ‘ழான் டீல்மான்’ என்ற 201 நிமிடப் படம் முதலில் வந்தது. படங்கள் மாறவில்லை, கேட்கப்பட்ட ஆட்கள் மாறினார்கள். உங்கள் கூட்டத்திலும் யாரைக் கேட்கிறீர்கள் என்பதே விடையைப் பாதி தீர்மானித்துவிடுகிறது. இப்போது நீங்கள் கைதூக்கி எண்ணுகிறீர்கள். அதிகம் பேர் பார்த்த படம்தான் அதில் ஜெயிக்கும். ஒவ்வொரு பெயருக்கும் மூன்று கட்டம் வையுங்கள்: பார்த்தேன், வேண்டும்; பார்த்தேன், வேண்டாம்; பார்க்கவில்லை. நாற்பது பேரில் 30 பேர் பார்த்து 18 பேர் வேண்டும் என்ற படத்துக்கு 60 விழுக்காடு. ஆறே பேர் பார்த்து ஐந்து பேர் வேண்டும் என்றதற்கு 83. இரண்டாவதை நேராகப் பட்டியலில் ஏற்றச் சொல்லவில்லை. ஆறு பேர் தீர்ப்பை நம்ப முடியாது. ஆனால் அடுத்த மாதம் திரையிட வேண்டிய படம் அதுதான். எல்லாரும் பார்த்ததையே மறுபடி போட்டுக் கைதட்டுவதற்கு மாதாந்திரக் கூட்டம் எதற்கு?

உரிமை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். இந்தியச் சட்டப்படி படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு. ‘காதலிக்க நேரமில்லை’, ‘கர்ணன்’ போன்ற 1964 படங்களுக்கு அது 2024 டிசம்பரோடு முடிந்தது. படத்தில் உள்ள பாட்டு, கதை ஆகியவற்றின் உரிமை தனி. அதற்கு ஆசிரியரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும் கணக்கு. சந்தேகம் வந்தால் வக்கீலைக் கேளுங்கள். கடையில் வாங்கிய தட்டு வீட்டில் பார்க்க மட்டும். மண்டபத்தில் போட உரிமையாளரின் எழுத்து அனுமதி வேண்டும். பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்று கேட்கும் 1952 சட்டமும் இருக்கிறது. பிரெஞ்சுப் படங்களுக்கு அல்லியான்ஸ் பிரான்சேஸில் கேட்பது நல்ல வழி. லாபநோக்கில்லாத திரையிடலுக்கென்று அனுமதியோடு படங்கள் அவர்களுக்கு வருகின்றன.

இனி மண்டபம். பிரதி சரியாக இருந்தும் படம் கெட்டுப்போவது இங்கேதான்.

1.78 விகிதத்தில் பத்தடி அகலத் திரை என்றால் உயரம் ஐந்தடி ஏழரை அங்குலம், பரப்பு 56 சதுர அடி. நல்ல இருட்டில் கொட்டகை அளவு வெளிச்சத்துக்கு 900 லூமென் (புரொஜெக்டர் வெளிச்சத்தின் அளவு) போதும். விளக்கு பழசாகும், கடைப்பெட்டியில் எழுதிய எண்ணும் உண்மையைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்பதால் 2,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 4,000 லூமென் வாடகைக்கு எடுத்து, பக்கவாட்டு ஜன்னலைத் திறந்துவைத்தால் பயன் இல்லை. புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. திரையில் கறுப்பு என்பது மண்டபத்தின் இருட்டுதான். வாடகைப் பணத்தில் பாதியைக் கறுப்புத் துணிக்குச் செலவிடுங்கள். கோடையில் ஆறரைக்குப் பிறகும் வெளிச்சம் நிற்கும், ஏழுக்குத் தொடங்குங்கள். புரொஜெக்டரை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு கோணலை நிமிர்த்தும் ‘கீஸ்டோன்’ வசதியால் சரிசெய்யாதீர்கள், படம் மழுங்கும், திரைக்கு நேர் எதிரே வையுங்கள். பெரும்பாலான கருவிகளுக்குப் பத்தடிப் படம் விழ ஏறக்குறைய 15 அடி தூரம் வேண்டும். பழைய அலுவலகங்களில் தூசிபிடித்துக் கிடக்கும் 4:3 புரொஜெக்டரை யாரும் மதிப்பதில்லை. 1.37 படத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தும்.

டிவியில் காட்டுவதாக இருந்தால் அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ‘உதிரிப்பூக்கள்’ சாயங்கால சீரியல் மாதிரி தெரியும். ‘விவிட்’ நிறமும் வேண்டாம். மடிக்கணினியில் விஎல்சி என்ற படம் ஓட்டும் மென்பொருள் வைத்திருப்பவர்கள் ‘ஏ’ விசையைத் தட்டினால் விகிதம் மாறும், ‘சி’ தட்டினால் வெட்டு மாறும். தெரியாமல் தட்டிவிட்டுப் படம் முழுக்க அப்படியே ஓடுவது நடக்கிற விஷயம். ஆரம்பத்தில் ஒரு வட்டமான பொருள் வரும்வரை கவனியுங்கள், அது முட்டையாகத் தெரியக் கூடாது.

ஒலி. பழைய படங்கள் ஒற்றைத் தட ஒலி. மண்டபத்தின் இரு மூலையிலும் கல்யாண ஸ்பீக்கரை வைத்து அலறவிட்டால் ஒரே வசனம் இரண்டு முறை காதில் விழும், எம்.ஆர். ராதா பேசினாலும் புரியாது. ஒரே ஸ்பீக்கரைத் திரைக்கு நேர் கீழே வையுங்கள். பிலிம் ஓரத்தில் ஒலி பதிந்திருக்கும் ஒளித்தடத்தில் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் இரைச்சல்தான். ட்ரெபிளைக் குறையுங்கள், பேஸையும் குறையுங்கள். வெறும் சிமென்ட் சுவர் எதிரொலித்தால் பின்சுவரில் கனமான ஜமக்காளம் தொங்கவிடலாம். ப்ளூடூத் ஸ்பீக்கர் கூடவே கூடாது. ஒலி பின்தங்கி, உதடு முந்தும். கம்பி இழுத்துவிடுங்கள்.

சப்டைட்டிலில் இரண்டு கோளாறு வழக்கமானவை. ஒன்று, 25 சட்டகத்துக்குச் செய்த கோப்பை 24 சட்டகப் படத்தோடு போடுவது. முதல் பத்து நிமிடத்தில் சுமார் 25 வினாடி விலகும், ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம். முன்பின் தள்ளும் விசையால் இது தீராது. முழுக் கோப்பையும் 25-க்கு 23.976 (கணினிக் கோப்புகளில் 24 என்பது பெரும்பாலும் இதுதான்) என்ற விகிதத்தில் நீட்ட வேண்டும், ‘சப்டைட்டில் எடிட்’ மென்பொருளில் அதற்கு வழி இருக்கிறது. இரண்டு, தமிழ்ச் சப்டைட்டிலைப் பென் டிரைவில் போட்டு டிவியில் செருகுவது. பல டிவிகளில் கொம்புக் குறி (ெ), எழுத்துக்கு முன்னால் விழாமல் பின்னால் போய் விழும், அல்லது வெறும் கட்டங்கள் வரும். யுடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியீட்டில் சேமித்து, மடிக்கணினியிலிருந்து ஓட்டுங்கள். ‘கொ’, ‘கௌ’ உள்ள ஒரு வரியை முதலில் போட்டுப் பாருங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால், ஆங்கிலச் சப்டைட்டிலை வரிக்கு வரி பெயர்த்தால் மூன்று வரி ஆகி முகத்தை மறைக்கும். இரண்டு வரிக்கு அடங்கும்படி கருத்தைச் சுருக்குங்கள்.

கடைசியாக நம் ஊர்ப் பாக்கி. மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் தாமே இயக்கிய ‘உன்னைப்போல் ஒருவன்’ (1965) உங்கள் பட்டியலில் எட்டாம் இடத்தில் இருக்கிறது. அதற்கு வாக்களித்தவர்களில் படத்தைப் பார்த்தவர் எத்தனை பேர், எந்தப் பிரதியில்? நாவலைப் படித்துவிட்டுப் படத்துக்கு ஓட்டுப் போட்டவர்கள் கையை இறக்கட்டும். பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ 1950-இல் ‘பொன்முடி’யாக வந்தது, இயக்கியவர் தமிழ் தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன். அந்தப் படம் பட்டியலிலேயே இல்லை. புதுச்சேரிக்காரர்கள் போடும் பட்டியலில் அது நூறில் ஒன்றாக வேண்டும் என்று நாங்கள் அடம்பிடிக்கவில்லை. ஒருமுறை முழுதாகப் போட்டுப் பார்த்துவிட்டு ‘வேண்டாம்’ கட்டத்தில் குறியிடுங்கள், ஏற்றுக்கொள்கிறோம்.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்குப் பத்து வரி போதும். ஒவ்வொரு வரியிலும் பெயர், ஆண்டு, மொழி, நிமிடம், விகிதம், பிரதி இருக்கும் இடம், சப்டைட்டில், அனுமதி. எட்டுக் கட்டத்தில் எதற்கு விடை தெரியவில்லையோ அதைக் காலியாக விட்டு வாருங்கள். நிரப்புவதற்கு உதவ நாங்களும் வருகிறோம், கறுப்புத் துணியும் ஜமக்காளமும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
கடலூர், புதுச்சேரிப் பழைய பட ரசிகர்கள் சிலர்